அக்காவின் எரிச்சல்

உன் தங்கச்சி உயிரோடு இருப்பதே உன் வயிற்றெரிச்சலால்தான் என்று ஒரு டாக்டர் சொன்னால், எந்த அக்காவும் முதலில் செருப்பைத்தான் தேடுவாள். சங்கரேஸ்வரியும் தேடினாள். அந்த வார்டில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பதால் டாக்டர் அமலோற்பவம் தப்பித்தாள்.

விஷயம் அங்கே ஆரம்பிக்கவில்லை. தங்கை பாக்யாவின் கையிலிருந்து காபித் தம்ளர் நழுவியதில் ஆரம்பித்தது. ஒரு காய்ச்சல் வந்து போனது, அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கியதும் விரல்கள் மரத்தன, பிறகு கால்கள். சுவரைப் பிடித்து நடந்தவள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். கோவில்பட்டி டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கேதான் அமலோற்பவம் அக்கா தங்கை இருவருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, சங்கரியை மட்டும் தனியே கூப்பிட்டாள்.

"நரம்பு மேல கொழுப்பால ஒரு உறை இருக்கும்மா, கரண்ட் வயர் மேல ரப்பர் இருக்கற மாதிரி. காய்ச்சலோ பயமோ பட்டினியோ, உடம்புக்கு ஒரு நெருக்கடி வந்தா அந்தக் கொழுப்பு கெட்டுப்போகும். கெட்டதைச் சுமந்துட்டுப் போய் வெளியே போட ஒரு புரதம் இருக்கு. சுமைப் புரதம்னு நாங்க சொல்றோம். அதைச் செய்யற மரபணு உங்க தங்கச்சிக்குப் பிறவியிலேயே உடைஞ்சது. உங்களுக்கு நல்லா இருக்கு."

"அப்ப எங்கிட்ட இருந்து எடுத்துக்கிடுங்க. இதுல என்ன யோசனை?"

"ஆலையில செஞ்ச புரதத்தைப் போட்டுப் பார்த்தோம், அவங்க உடம்பு ஏத்துக்கல. கூடப்பொறந்தவங்களோடதைத்தான் ஏத்துக்குது. எடுக்கலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நெருக்கடி வந்தாத்தான் அந்த மரபணு முழிக்கும். நீங்க நிம்மதியாப் படுத்திருந்தா ஒரு சொட்டு தேறாது."

எடுத்ததை ஐஸில் வைத்தால் பாழாகிவிடும் என்பதால், செவ்வாய்க்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுக்க வேண்டியிருந்தது. சங்கரியின் கையிலிருந்து ரத்தம் ஒரு இயந்திரத்துக்குள் போகும். அது தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளுக்கே திருப்பித் தரும். எடுத்த நீர் குழாய் வழியே பாக்யாவின் கைக்குப் போகும். சங்கரியின் தலைமாட்டுச் சுவரில் ஒரு திரை. புரதம் எவ்வளவு ஊறுகிறது என்று அதில் ஒரு பச்சைக் கோடு ஓடும். மல்லாந்து படுத்திருக்கும் சங்கரிக்கு அது தெரியாது.

நெருக்கடி உண்டாக்க அவர்கள் படாத பாடு பட்டார்கள். சங்கரியின் காலை ஐஸ் வாளியில் வைத்தார்கள். மாடிப்படி ஏறி இறங்க வைத்தார்கள். காலைச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். மனக்கணக்கு போடச் சொல்லி, தப்பு வந்தால் முறைக்க ஒரு ஆளை உட்காரவைத்தார்கள். சங்கரி கடலை மிட்டாய்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். முறைக்க வந்த ஆளுக்குத்தான் வியர்த்தது. முதல் இரண்டு வாரம் கோடு கொஞ்சம் எழும்பியது, அப்புறம் ஐஸ் வாளியும் பழகிவிட்டது. பாக்யாவின் கால்விரல்கள் அசைய மறுத்தன.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாக்யாவின் புருஷன் கோமதிநாயகம் டிபன் கேரியரோடு உள்ளே வந்தான்.

"மதினி, சாப்டீங்களா?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் பெண்டாட்டி பக்கம் திரும்பி, ரசம் சாதத்தைப் பிசைந்து, சூடு பார்த்து, ஒவ்வொரு வாயாக ஊட்டினான். உதட்டோரம் ஒட்டிய பருக்கையைப் புறங்கையால் துடைத்துவிட்டான். பாக்யா சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். சங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் அதையெல்லாம் பார்க்கவே இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தலைமாட்டில் பச்சைக் கோடு திரையின் உச்சிக்கு ஏறி நின்றது.

அன்றைக்குத்தான் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டதும், சங்கரி செருப்பைத் தேடியதும்.

"உங்களைக் கேவலப்படுத்தறதுக்குச் சொல்லலம்மா," என்றாள் அமலோற்பவம். "எனக்கும் அக்கா உண்டு. கோபம், பயம், எதுவா இருந்தாலும் உடம்புக்கு ஒண்ணுதான். மூணு வாரமா நாங்க தேடினது அவர் உள்ளே வந்ததும் கிடைச்சிருச்சு. அதான் சொன்னேன்."

இருபது வருஷமாகப் பூட்டி வைத்ததைச் சங்கரிக்குத் தெரியாமலே ஒரு பச்சைக் கோடு காட்டிக்கொடுத்துவிட்டதே என்று அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் சங்கரி சொன்னாள்.

கோமதிநாயகம் பெண் பார்க்க வந்தது சங்கரியைத்தான். மூத்தவளைப் பார்க்க வரும்போது இளையவளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பாக்யாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சங்கரி பட்டுச்சேலையும் பிச்சிப்பூவுமாகக் காபித் தட்டை எடுத்து வந்தாள். மாப்பிள்ளையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், பிடித்துப்போய்விட்டது. அந்நேரம் பார்த்து மழை பிடித்தது. மொட்டை மாடியில் வத்தல் காய்கிறது என்று ஞாபகம் வந்து, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டிக் குதித்தாள் பாக்யா. தொப்பலாக நனைந்து, வத்தல் துணியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, சிரிப்பும் மூச்சிரைப்புமாக நடு வீட்டுக்குள் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறுநாள் தரகர் வந்தாரு. சின்னவளைக் குடுங்கன்னு கேட்டாகளாம். குடுத்தாச்சு. அதுக்கப்புறம் எனக்கு எந்த இடம் வந்தாலும், இளையவளுக்கு முந்தி முடிச்சிட்டீயளே, மூத்தவளுக்கு என்ன கொறன்னுதான் மொதக் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு."

"தங்கச்சிகிட்ட இதைப் பத்திப் பேசினதே இல்லையா?"

"என்னத்தப் பேச? ஆசையா வளத்த பிள்ள. அம்மா செத்தப்ப அவளுக்கு எட்டு வயசு. நாந்தான் தலை சீவிவிடுவேன்." சங்கரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவ நல்லா இருக்கணும். அவ நல்லா இருக்கறதப் பாக்கவும் முடியல. ரெண்டும் நெசந்தான் டாக்டரம்மா."

அமலோற்பவம் ஒன்றையும் மறைக்கவில்லை. சுமைப் புரதம் நெருக்கடியின்போது காப்பாற்றும், ஆனால் எந்நேரமும் ஏறியே இருந்தால் அதுவே வியாதி என்றாள். கொழுப்பைக் கொண்டுபோய் ஈரலில் சேர்க்கும், சர்க்கரை வரும், இதயத்து ரத்தக்குழாய் தடிக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் சங்கரியின் உடம்பு தாங்காது. வேண்டாம் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

"எரிச்சப்பட்டா நான் நோவேன், எரிச்சப்படலேன்னா அவ போயிருவா. அதான?"

டாக்டர் தலையாட்டினாள்.

"சரி. அவுகள வாராவாரம் வரச்சொல்லுங்க. ஆனா பாக்யாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் தூக்குல தொங்கிருவேன்."

அதற்குப் பிறகு சங்கரி பொறாமைப்படுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். கோமதிநாயகம் வரத் தாமதமானால் டாக்டரைவிட அவளுக்குத்தான் பதற்றமாக இருக்கும். அவன் வந்து பெண்டாட்டியின் காலைப் பிடித்துவிடுவான். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிடுவான். பாக்யாவும் சும்மா இருக்கமாட்டாள். "ஏங்க, கொடைக்கானல்ல ஒரு நாள் எனக்குக் குளுருதுன்னு உங்க சட்டையக் கழட்டிக் குடுத்தீகளே, ஞாபகம் இருக்கா?" என்று கொஞ்சுவாள். இது வேறயா என்று சங்கரிக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் குளிரினால் யார் சட்டையைக் கழற்றுவார்கள், எனக்கு விக்கினால் யார் தலையில் தட்டுவார்கள் என்று மனசு பாட்டுக்குப் பட்டியல் போடும். அந்தச் சனியன்பிடித்த நினைப்பு அத்தனையும் குழாய் வழியே போய்த் தங்கையின் நரம்பைத் துடைத்தது.

பாக்யா எழுந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டினாள். ஒரு செவ்வாய்க்கிழமை புருஷனின் தோளைப் பிடித்து வராந்தாவில் நடந்தாள். பார்த்த நர்சுகள் கைதட்டினார்கள். சங்கரியும் தட்டினாள். அந்தப் பூரிப்புக்குள்ளேயே, என் ரத்தத்தில் நடந்துகொண்டு அவன் தோளில் சாய்கிறாளே என்று ஒரு எரிச்சல். அந்த மாதம் சங்கரிக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. கடலை மிட்டாயைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக் கம்பெனியில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது கோமதிநாயகத்தின் தூக்கம்தான்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். ஊட்டி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். வாய் பிளந்து, கடைவாயில் எச்சில் வழிய, லாரி கியர் மாற்றுகிறாற்போல் ஒரு குறட்டை. தலைச்சாயம் வேர்வையில் கரைந்து காதோரமாகக் கறுப்பாக இறங்கியிருந்தது. சங்கரி அவனை முழுசாகப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவள் அப்படி நேராகப் பார்த்ததே இல்லை. இந்த ஆளுக்காகவா நான் இத்தனை நாள் பொருமினேன் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. பாக்யாவும் சிரித்தாள். சின்ன வயதில் அப்பா தூங்கும்போது செய்ததுபோல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டில் குலுங்கச் சிரித்தார்கள்.

"தெனமும் இப்படித்தான்க்கா," என்றாள் பாக்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருபது வருசமா இதையா கேட்டுக்கிட்டுக் கெடக்க? பாவம்ட்டி நீ."

சங்கரிக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த செவ்வாய் கோடு எழும்பவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கோமதிநாயகம் ஊட்டினான், துடைத்தான், காலைப் பிடித்துவிட்டான். அவன் காதோரச் சாயம்தான் சங்கரியின் கண்ணில் பட்டது. ஆல்பத்தைப் புரட்டினால் குறட்டைச் சத்தம் கேட்டது. எரிச்சலை எங்கெல்லாமோ தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. மறுபடி ஐஸ் வாளி வந்தது, பலனில்லை. பாக்யாவின் கையிலிருந்து தம்ளர் மறுபடி நழுவியது. பேச்சு குழறத் தொடங்கியது. இனி வியாதி மூச்சு விடவைக்கும் நரம்புக்குப் போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சங்கரியிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அவ சாவாளேன்னு பயமா இருக்கே, அது பத்தாதா?" என்று சங்கரி கேட்டாள்.

"பத்தல. நீங்க ராப்பகலா பயந்து பயந்து, உடம்புக்கு அது பழகிப்போச்சு. ஐஸ் வாளி மாதிரிதான்."

அந்த வாரம் கோமதிநாயகம் வரவில்லை. வர வேண்டாம் என்று பாக்யாவே சொல்லிவிட்டாளாம். ஊசி குத்தி, குழாய் மாட்டி, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், பாக்யா தலையைத் திருப்பினாள்.

"யக்கா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுட்டி. மெதுவாப் பேசு."

"அன்னைக்குத் தரகர் வந்து என்ன சொன்னாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? சின்னவளைக் குடுங்கன்னாரு."

"ஒங்கிட்ட யாரு வந்து சொன்னா?"

"நீதாம்ட்டி வந்து..." சங்கரி நிறுத்தினாள்.

அம்மா போன பிறகு அப்பா கல்யாணப் பேச்சை மூத்த மகளிடம் நேராகப் பேசமாட்டார். வயசுக்கு வந்த பெண்ணிடம் அப்பன் எப்படிக் கேட்பது என்று கூச்சம். "அக்காட்ட கேளு", "அக்காட்ட சொல்லு" என்று பாக்யாவைத்தான் மேலும் கீழும் அனுப்புவார். அவர் சொன்னது சங்கரிக்கும், சங்கரி சொன்னது அவருக்கும், பாக்யாவின் வாய் வழியாகத்தான் போய்ச்சேரும்.

"மூத்த பொண்ணப் பிடிச்சிருக்குன்னுதான் தரகர் சொன்னாரு," என்றாள் பாக்யா. குழறினாலும் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஒன் சம்மதத்தக் கேட்டுட்டு வரச் சொல்லி அப்பா என்னய மாடிக்கு அனுப்பினாரு. நான் பாதிப் படியில நின்னேன். எனக்கும் அவுகளப் பிடிச்சிருந்துச்சு. எறங்கி வந்து, அக்காவுக்குப் பிடிக்கலையாம்ப்பா, மாப்பிள்ளை கருப்பா இருக்காகளாம்னு சொல்லிட்டேன். நல்ல சம்பந்தத்த விடுவானேன்னு அப்பாதான், சின்னவளத் தாரோம்னு தரகர்கிட்ட சொல்லியனுப்புனாரு. ஒங்கிட்ட வந்து, அவுக வீட்ல என்னயக் கேக்காகன்னேன்."

சங்கரிக்கு ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து போய் அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருந்தது. தலை சீவிவிட்ட கை அது. இன்னொரு கை ஊசியைப் பிடிக்கப் போனது.

"அடிப் பாவி," என்றாள்.

இயந்திரம் கூவியது. அமலோற்பவம் ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள், சங்கரியின் முகத்தைப் பார்த்தாள். "நிறுத்திரட்டுமா?"

பாக்யா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"எடுங்க," என்றாள் சங்கரி. "எம்புட்டு வருதோ அம்புட்டும் எடுங்க."

எடுத்து முடித்த பிறகு டாக்டரின் அறையில் சங்கரி தண்ணீர் குடித்தாள். நடந்ததைச் சொன்னாள். அமலோற்பவம் யோசித்துவிட்டு, "கோபப்படாதீங்க. இது பொய்யாவும் இருக்கலாம்," என்றாள்.

"பொய்யா? செத்துக்கிட்டிருக்கவ எதுக்கு இப்படி ஒரு பொய் சொல்லணும்?"

"கோடு உங்க தலைக்கு மேல ஓடுது. உங்களுக்குத் தெரியாது. பக்கத்துப் படுக்கையில இருக்கறவங்களுக்கு?"

பாக்யாவுக்குத் தெரியக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்ட சங்கரிக்கு இது தோன்றவே இல்லை. முதல் நாள் ரசம் சாதத்துக்குக் கோடு ஏறியதை பாக்யா பார்த்திருக்கிறாள். எதனால் ஏறுகிறது என்று புரியாதவளும் இல்லை. கொடைக்கானல் சட்டையும், கொஞ்சலும், வராந்தாவில் தோளில் சாய்ந்ததும் எல்லாம் தெரிந்தே செய்ததுதானா? கோடு விழுந்ததையும் பார்த்துக்கொண்டேதான் கிடந்திருக்கிறாள். இன்றைக்குச் சொன்னது உண்மையா, அல்லது அடுப்பு அணைகிறதே என்று கடைசியாகத் தள்ளிய விறகா?

"உங்க அப்பாவும் இல்ல, தரகரும் இல்லன்னீங்க. ஆனா அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்," என்றாள் டாக்டர். "தரகர்கிட்ட அன்னைக்கு என்ன சொல்லி அனுப்பினோம்னு அவருக்கு மறந்திருக்காது. ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

கோமதிநாயகம் மறுநாளே சங்கரியின் வீடு தேடி வந்தான். கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றான். கேரியர் அவன் வீட்டுடையதுதான் என்பது அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. வாசலில் நின்றபடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மதினி... எங்கிட்ட ஏதோ கேக்கணுமாம்ல. டாக்டரம்மா சொன்னாக. கேளுங்க. நான் பொய் சொல்லமாட்டேன்."

கேள்வி சங்கரியின் நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? அவ்வளவுதான். எவ்வளவு சின்னக் கேள்வி. இருபது வருஷத்துக்குப் பதில் கிடைத்துவிடும். தங்கை சொன்னது பொய் என்று அவன் சொன்னால், பிழைப்பதற்காக என் கையால் அறை வாங்கவும் துணிந்தாயே என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். எரிச்சல் அணைந்துவிடும், கோடு விழுந்துவிடும். உண்மைதான் என்று சொன்னாலோ, செவ்வாய்க்கிழமை இந்தக் கையை நீட்ட மனசு வராது. தன்னை அவளுக்குத் தெரியும். எப்படிப் பார்த்தாலும் பாக்யா பிழைக்கமாட்டாள். தெரியாமல் தவிக்கிற இந்தத் தவிப்பு ஒன்றுதான் அவளைப் பிழைக்க வைக்கும்.

அவன் காத்துக்கொண்டிருந்தான். காதோரம் சாயம் போன இடத்தில் வெள்ளை முளைத்திருந்தது. இந்த மனுஷனோடு நான் வாழ்ந்திருக்க வேண்டியதா, இல்லையா என்று மறுபடியும் எரிச்சல் மூண்டது.

"அவளுக்கு ரசத்துல மொளகக் கொறச்சுப் போடுங்க மாப்ள," என்றாள் சங்கரி. "தொண்ட எரியுதுங்கா."

"அவ்வளவுதானா மதினி?"

"அவ்வளவுதான். வெயில்ல நிக்காதீக. போய்ட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை அவள் ஆல்பத்தைத் தொடவில்லை, தேவைப்படவும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றினாள், படுத்தாள், கையை நீட்டினாள். நர்ஸ் ஊசியைக் குத்திக் குழாயை மாட்டிவிட்டுப் போனாள். பாக்யா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போன வாரத்தைவிட முகத்தில் கொஞ்சம் தெளிவு. விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் திருகின.

"யக்கா, அவுககிட்ட கேட்டியா?"

"இல்ல."

"கேப்பியா?"

"மாட்டேன்."

பாக்யா ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினாள். பொய் பலித்ததே என்ற நிம்மதியா, உண்மை வெளியே வராமல் போனதே என்ற நிம்மதியா என்று சங்கரி அந்த முகத்தையே உற்று உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை. தெரியாமல் வயிறு எரிந்தது. அவள் தலைக்கு மேலே, அவள் பார்க்க முடியாத சுவரில், பச்சைக் கோடு ஏறத் தொடங்கியது.